வளமற்ற மண்ணின் மரபு: அழுகண்ணியின் மரபணுவும் பரிணாம வரலாறும் – புதுக்கோட்டை நிலச்சூழலை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

பூச்சியுண்ணும் தாவரங்கள் பெரும்பாலும் புதிய மரபணுக்களைப் பெற்று உருவானவை அல்ல. தற்காப்புக்கும் வேருக்கும் உரிய பழைய மரபணுக்களை இலையில் வேறு பணிக்கு அமர்த்தியும், தேவையற்றவற்றை இழந்தும் அவை உருவாயின என்பதை அண்மைக்கால ஆய்வுகள் புலப்படுத்துகின்றன. அழுகண்ணி, நீர்ப்பைச்செடி ஆகியவற்றின் வழி இக்கருத்தை இக்கட்டுரை விளக்குகிறது. மண்ணின் வளமின்மையே இத்தாவரங்களின் வாழ்வுக்கு அடிப்படை என்பதால், புதுக்கோட்டை மாவட்டத்தின் செம்புராங்கல் நிலங்களைப் பயனற்றவை எனக் கொள்ளும் பார்வை மறுபரிசீலனைக்குரியது என்பதையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: அழுகண்ணி, பூச்சியுண்ணும் தாவரங்கள், மரபணுத்தொகுதி, குவிபரிணாமம், செம்புராங்கல் நிலம், புதுக்கோட்டை.

முன்னுரை

சார்லஸ் டார்வின் 1875-இல் பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றித் தனிநூல் ஒன்றை வெளியிட்டார். அதன் பெரும்பகுதி டிரோசெரா என்னும் பேரினத்தைப் பற்றியது. இலையில் உள்ள மயிர்களின் நுனியில் கண்ணீர்த்துளி போலப் பசை திரண்டு நிற்பதால் தமிழில் இச்செடி அழுகண்ணி எனப்படுகிறது. இப்பெயர் பிற செடிகளுக்கும் வழங்குவதுண்டு. இக்கட்டுரையில் அது டிரோசெராவையே குறிக்கிறது. தமிழகச் சமவெளிக்குரிய அழுகண்ணிகள் டிரோசெரா பர்மானி, டிரோசெரா இண்டிகா என்னும் இரண்டு சிற்றினங்கள் ஆகும். பூச்சியை உண்ணும் இயல்பு ஒரு செடிக்கு எவ்வாறு வாய்த்தது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

நிலமும் வாழ்முறையும்

பூச்சியைப் பிடிக்கும் இலை, ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கும் திறனில் குறைந்தது. ஆகவே ஒளியும் ஈரமும் மிகுந்து, நைட்ரஜனும் பாஸ்பரசும் குறைந்த இடத்தில் மட்டுமே இவ்வாழ்முறை ஆதாயமானது என்று கிவ்னிஷ் முதலியோர் 1984-இல் விளக்கினர். புதுக்கோட்டை மாவட்டத்தின் செம்புராங்கல் நிலம் இவ்விளக்கத்திற்குப் பொருந்துவது. இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் மிகுந்த இம்மண்ணில் பாஸ்பரஸ் இறுகப் பிணைந்துவிடுவதால் வேர்களுக்கு எளிதில் கிட்டுவதில்லை. வடகிழக்குப் பருவமழையின்போது மரமற்ற வெளிகளும் கண்மாய் ஓரங்களும் சில மாதங்கள் ஈரம் தாங்கி நிற்கின்றன. ஓராண்டுச் செடியான சமவெளி அழுகண்ணி இத்தகைய ஈரப்பருவத்தில் முளைத்துப் பூத்து, மண் காயுமுன் விதையை விட்டுச் செல்லும் இயல்புடையது.

உறவும் ஒப்புமையும்

உருவ ஒப்புமையைக் கொண்டு இத்தாவரங்களின் உறவை அறிய இயலாது என்பதை ஆல்பர்ட், வில்லியம்ஸ், சேஸ் ஆகியோர் 1992-இல் மரபணு வரிசைகளை ஒப்பிட்டு நிறுவினர். மேகாலயத்தின் நெப்பந்தஸ் காசியானாவும் அமெரிக்காவின் சர்ராசீனியாவும் குடுவை வடிவில் ஒத்திருப்பினும் தொலைவான கிளைகளைச் சார்ந்தவை. மாறாக, குடுவையுடைய நெப்பந்தசும் பசைமயிருடைய அழுகண்ணியும் ஒரே மூதாதையிலிருந்து கிளைத்தவை. பூக்கும் தாவரங்களில் ஏறத்தாழப் பத்து முறை பூச்சியுண்ணும் வாழ்முறை தனித்தனியே தோன்றியுள்ளது. இது குவிபரிணாமத்திற்குத் தக்க சான்றாகும்.

அழுகண்ணியின் சுற்றத்துள் தமிழர் நன்கறிந்த கொடிவேலியும் அடங்கும். குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையில் இடம்பெறும் செங்கொடுவேரி இப்பேரினத்தைச் சார்ந்ததாகக் கருதப்படுகிறது. கொடிவேலி பூச்சியை உண்பதில்லை. எனினும் அதன் புல்லிவட்டத்தில் பசை சுரக்கும் சுரப்பிகள் உள்ளன. கொடிவேலியின் வேரில் உள்ள பிளம்பாஜின் என்னும் வேதிப்பொருள் டிரோசெரா இனங்கள் பலவற்றிலும் காணப்படுகிறது.

மரபணுச் சான்றுகள்

ஆஸ்திரேலியக் குடுவைச்செடியான செபலோட்டசின் மரபணுத்தொகுதியை வெளியிட்ட 2017-ஆம் ஆண்டின் ஆய்வு, செரிமான நொதிகளின் தோற்றத்தை ஆராய்ந்தது. பூஞ்சையின் சுவரையும் பூச்சியின் மேலோட்டையும் ஆக்கும் பொருள் கைட்டின் ஆகும். பூஞ்சைத் தாக்குதலை எதிர்க்கத் தாவரங்கள் கொண்டிருந்த கைட்டினேஸ் நொதியே செரிமான நொதியாக மாறியுள்ளது. உறவற்ற கிளைகளிலும் ஒரே வகை நொதிகள் தனித்தனியே இப்பணிக்கு அமர்த்தப்பட்டுள்ளன. இலையைப் பூச்சி கடிக்கும்போது எச்சரிக்கை விடுக்கும் ஜாஸ்மோனேட் என்னும் இயக்குநீரும் அழுகண்ணியில் இரையை வளைத்துப் பிடித்துச் செரிக்கத் தூண்டுகிறது. பூச்சியிடமிருந்து காத்துக்கொள்ளும் கருவி பூச்சியை உண்ணும் கருவியாயிற்று.

டிரோசெரா ஸ்பாட்டுலேட்டா, வீனஸ் பூச்சிப்பொறி, ஆல்ட்ரோவாண்டா ஆகிய மூன்றின் மரபணுத்தொகுதிகள் 2020-இல் வெளியாயின. இவற்றின் பொது மூதாதையில் மரபணுத்தொகுதி முழுமையும் ஒருமுறை இரட்டித்தது. மிகுதியாகக் கிடைத்த படிகள் புதுப்பணிக்கு இடமளித்தன. வேருக்குரிய மரபணுக்கள் சில பொறியிலையில் இயங்குகின்றன. மண்ணிலிருந்து பெறாத சத்தை இலை உறிஞ்சுவதே இதன் பொருள். அதன்பின் மரபணுக்கள் பெருமளவில் இழக்கப்பட்டன.

கண்மாய் நீரில் மிதக்கும் யூட்ரிகுலேரியா என்னும் நீர்ப்பைச்செடி வேறொரு வழியைக் காட்டுகிறது. வேரற்ற இச்செடியின் பை, ஒரு மில்லிநொடிக்கும் குறைவான நேரத்தில் நுண்ணுயிரை உறிஞ்சிக்கொள்ளும். யூட்ரிகுலேரியா கிப்பாவின் மரபணுத்தொகுதி 2013-இல் சுமார் 8.2 கோடி இணைகள் எனவும், மேம்பட்ட முறையில் 2017-இல் சுமார் 10 கோடி எனவும் கணிக்கப்பட்டது. அதே கண்மாய் நீரில் விளையும் நெல்லுக்கு இது ஏறத்தாழ 40 கோடியாகும். ஆயினும் நீர்ப்பைச்செடியின் மரபணுக்கள் ஏறத்தாழ 28,500. பிற பூக்கும் தாவரங்களோடு ஒப்பிடத்தக்க எண்ணிக்கை இது. மரபணுக்களுக்கு இடைப்பட்ட பகுதிகளே பெரிதும் சுருங்கின.

நிலப்பயன்பாடும் பாதுகாப்பும்

சத்து மிகுந்த மண்ணில் அழுகண்ணி அழிவது உரம் நேரடியாகக் கெடுப்பதால் மட்டுமன்று. விரைந்து வளரும் புற்களும் களைகளும் ஒளியை மறைத்துவிடுவதாலும் ஆகும். ஆகவே வயலின் உரநீர் கண்மாயில் கலப்பது, திறந்தவெளி தைலமரத் தோப்பாவது, செம்புராங்கல் வெட்டியெடுக்கப்படுவது ஆகிய யாவும் இவ்வாழிடத்தைக் குலைப்பன. மரம் நடுதல் எல்லா நிலத்திற்கும் நன்மை என்னும் பொதுக்கருத்து இங்குப் பொருந்தாது.

முடிவுரை

பழையதைப் புதுப்பணிக்கு ஆக்குதலும் வேண்டாததை விடுதலும் பூச்சியுண்ணும் தாவரங்களின் பரிணாம வழிகளாகும். இழந்தவற்றை மீட்டு வளமான நிலத்தின் போட்டிக்கு இவை திரும்புவது அரிது. தரிசு என வருவாய்ப் பதிவேட்டில் எழுதப்படும் நிலம் ஒன்று, பன்னெடுங்காலப் பரிணாமத்தின் வாழிடமாக இருக்கக்கூடும். எனவே புதுக்கோட்டையின் மழைக்கால ஈரவெளிகளைப் பருவந்தோறும் கண்டு பதிவுசெய்வது உள்ளூர்க் கல்லூரிகளின் தாவரவியல் துறைகள் மேற்கொள்ளத்தக்க பணியாகும். நிலத்தின் பயனை முடிவுசெய்யும் முன் இப்பதிவு நிகழவேண்டும்.