கோதுமை ஒவ்வாத உடலும் பரம்பரையும்



ஒரே அடுப்பில் சமைத்த உணவை உண்டு வளரும் பிள்ளைகளில் ஒருவன் மட்டும் வெளிறி, வயிறு உப்பி, வயதுக்கேற்ற வளர்ச்சியின்றி இருப்பதைத் தோட்டப்புறங்களில் நாம் பார்த்திருக்கிறோம். பூச்சி மருந்து கொடுத்தாயிற்று, இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தாயிற்று, பயனில்லை. "கண் பட்டுவிட்டது" என்பார்கள் சிலர். "தாய் வழி இரத்தம் அப்படி" என்பார்கள் வேறு சிலர். இப்படி இளைக்கும் பிள்ளைகளுள் பலருக்குக் குடற்புழுவோ, சத்துக்குறைவோ, தலசீமியாவோ காரணமாக இருக்கலாம். ஆனால் சிலருக்கு, அன்றாடம் உண்ணும் கோதுமையே காரணமாக இருக்கக்கூடும். மருத்துவர்கள் சீலியாக் நோய் என்று அழைக்கும் அந்த நோயைப் பற்றி இன்று தெரிந்துகொள்வோம்.

கோதுமை மாவைப் பிசைந்தால் ரப்பர் போல் இழுபடுகிறதல்லவா? ரொட்டி சானாய் போடுபவர் மாவை வீசி வீசி மெல்லியதாக்குவது அதனால்தான் முடிகிறது. அந்த இழுவையைத் தருவது குளூட்டன் என்னும் புரதம். பார்லியிலும், ரை என்னும் தானியத்திலும் இதையொத்த புரதங்கள் உண்டு. அரிசியில் இல்லை.

நம் சிறுகுடலின் உட்சுவரில் குடலுறிஞ்சிகள் என்னும் மிக நுண்ணிய விரல்கள் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. உணவின் சத்தை உறிஞ்சி இரத்தத்தில் சேர்ப்பவை அவையே. சீலியாக் நோயாளியின் உடல் குளூட்டனைப் பகைவன் என்று எண்ணிப் போர் தொடுக்கிறது. அடி விழுவதோ சொந்தக் குடலின் மேல்! குடலுறிஞ்சிகள் தேய்ந்து போகின்றன. பிறகு எவ்வளவு சத்துணவு கொடுத்தாலும் உடம்பில் ஒட்டுவதில்லை. வயிற்றுப்போக்கு, வயிற்று உப்புசம், வாய்ப்புண், ஓயாத களைப்பு, வளர்ச்சிக் குறைவு ஆகியவை இதன் அடையாளங்கள். வயிற்றுத் தொல்லை ஏதுமின்றி, இரத்தசோகை மட்டும் தோன்றுவதும் உண்டு.

கோதுமைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை உலகுக்கு விளக்கியவர் வில்லெம் டிக்கே என்னும் டச்சுக் குழந்தை மருத்துவர். 1944–45 குளிர்காலத்தில், போரினால் ஹாலந்தில் ரொட்டிக்குப் பெரும் பஞ்சம் ஏற்பட்டது. ஊரே பசியால் வாடியபோது, இந்நோயுற்ற குழந்தைகள் மட்டும் தேறினார்கள்! ரொட்டி மீண்டும் கிடைத்ததும் நோயும் திரும்பியது. முன்பே கோதுமையைச் சந்தேகித்திருந்த டிக்கே, 1950-இல் தம் ஆய்வை வெளியிட்டார்.

சரி, எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளும் கோதுமை சிலருக்கு மட்டும் ஏன் பகையாகிறது? இங்கேதான் பரம்பரை வருகிறது. தாயிடமிருந்து ஒரு பாதி, தந்தையிடமிருந்து ஒரு பாதி என மரபணுக்களை நாம் பெறுகிறோம். அவற்றுள் டி.க்யூ.2, டி.க்யூ.8 என்று குறிக்கப்படும் வகைகள், குளூட்டன் துணுக்கைத் தாம்பாளத்தில் ஏந்திக் காட்டுவதுபோல் உடலின் காவற்படைக்குக் காட்டுகின்றன. இவ்விரண்டும் இல்லாதவருக்குச் சீலியாக் நோய் வருவது மிக மிக அரிது.

ஆனால் மரபணு இருப்பதே நோய் அல்ல. இந்தியாவில் 23,331 பேரிடம் நடத்தப்பட்டு, 2016-இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாக்கியது. வடக்கு, வடகிழக்கு, தெற்கு ஆகிய மூன்று பகுதிகளிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்த மரபணு இருந்தது. நோயோ வடக்கில் ஆயிரத்துக்கு எட்டு ஒன்பது பேருக்கு. தெற்கே, வேலூர்ப் பக்கத்தில், பத்தாயிரத்துக்கு ஏறக்குறைய ஒருவருக்கு. வடக்கில் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை உண்டார். தெற்கில் 25 கிராம்தான். தமிழரின் உடலிலும் விதை இருக்கிறது; அது முளைப்பதற்குக் கோதுமையும் வேண்டியிருக்கிறது.

நம் முன்னோர் சோறும் கஞ்சியும் உண்டார்கள். இன்று காலையில் தேநீரும் பிஸ்கட்டும், பசியாற ரொட்டி சானாய், மாலையில் மீ கோரேங் என்று பினாங்கிலும் செபராங் பிறைத் தோட்டங்களிலும் பழக்கம் மாறிவிட்டது. மலேசியாவில் 562 இளைஞர்களின் இரத்தத்தைச் சோதித்த ஆய்வு 2015-இல் வெளியாயிற்று. நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேலானவர்களிடம் இந்நோய்க்குரிய எதிர்ப்பொருள் காணப்பட்டது. ஆகவே, இது வெள்ளைக்காரர் நோய் என்று ஒதுக்கிவிட இயலாது.

தாய்மார்களே, ஒன்றை முக்கியமாக நினைவில் வையுங்கள். சந்தேகம் வந்தவுடன் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் இரத்தத்தில் எதிர்ப்பொருள் குறைந்து, சோதனையில் நோய் மறைந்துவிடும். பிள்ளை வழக்கம்போல் உண்டுவரும்போதே சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்று, "சீலியாக் சோதனை தேவையா?" என்று கேளுங்கள். தேவையானால், மருத்துவமனையில் குழாய் செலுத்திக் குடலின் சிறு துணுக்கை எடுத்தும் பார்ப்பார்கள். கோதுமை உண்டதும் தோல் தடித்து மூச்சுத் திணறுவது வேறு, அது ஒவ்வாமை. அதற்கு உடனடியாகக் கோதுமையை நிறுத்தி, மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

சீலியாக் என்று உறுதியானால், வாழ்நாள் முழுதும் கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றை விலக்குவதே சிகிச்சை. சோறு, இட்லி, தோசை, அரிசி மாவுப் புட்டு, இடியப்பம், கேழ்வரகு, மரவள்ளி, மீன், முட்டை, காய்கறி என நமக்குப் பழக்கமான உணவு ஏராளம். மைதா, ரவை, சேமியா மட்டுமல்ல, மறைந்து வருபவற்றையும் கவனியுங்கள். கடைப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருப்பதுண்டு, கிச்சாப்பிலும் உண்டு. மால்ட் பானங்களில் பார்லி உண்டு. சப்பாத்தி சுட்ட கல்லிலேயே அந்தப் பிள்ளைக்குத் தோசை வார்க்காதீர்கள். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் பந்தல்களில் சாம்பாரோ கேசரியோ வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்; கேட்பதில் வெட்கமில்லை.

நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இந்நோய் இருக்கக்கூடும். அவர்களும் சோதித்துக்கொள்வது நல்லது. மரபணு தாய் வழியாகவும் வரலாம், தந்தை வழியாகவும் வரலாம். எவரும் விரும்பிக் கொடுத்ததல்ல. ஆகவே, யார் வீட்டு இரத்தம் என்று வழக்காடுவதை விட்டு, பிள்ளையின் தட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தேய்ந்த குடல் மீண்டும் தளிர்க்கும், பிள்ளையும் தேறும்.