பிஸ்கோத்தின்மேல் சர்க்கரைக் கோலம்

பண்டிகை நாட்களில் பிஸ்கோத்துகளின்மேல் வெண்ணிறமாய்ப் படிந்து மிளிரும் ஐசிங் என்னும் சர்க்கரைப் பூச்சு, வீட்டில் செய்தற்கு அரியதென்று பலர் கருதுவர். அங்ஙனமன்று. நன்கு சலித்த பொடிச் சர்க்கரை 120 கிராம், தண்ணீர் 4 தேக்கரண்டி, எலுமிச்சைச் சாறு சில துளிகள், இவ்வளவே வேண்டுவன. சாறு தித்திப்பின் மிகுதியைத் தணிக்கும்.

அருமையெல்லாம் நீரின் அளவிலேயே உளது. சர்க்கரை விரைந்து கரையும் இயல்பினதாகலின், ஒரு கரண்டி மிகினும் குழம்பு நீர்த்துப் பிஸ்கோத்தின் விளிம்பு கடந்து ஓடும். ஆதலின் முதலில் 3 கரண்டி வார்த்துக் கட்டியறக் குழைத்து, எஞ்சியதைத் துளித்துளியாய்ச் சேர்த்தல் வேண்டும். கரண்டியினின்று விழும் இழை ஏறக்குறைய 10 நொடியில் குழம்போடு கலந்து மறையுமாயின், அது பரப்புதற்கேற்ற பதமாம். ஓரம் வரைதற்கும் எழுத்தெழுதுதற்கும் இதனினும் கெட்டியானது வேண்டும். அதனைக் காகிதக் கூம்பிலிட்டு, நுனியை நறுக்கிப் பிழியலாம். வாசலிற் கோலமிட்டுப் பழகிய கைகளுக்கு இஃது எளிதே.

முட்டையின் வெண்கருவைச் சேர்ப்பின் பூச்சுப் பின்னும் கடினமாகும். ஆயினும் பச்சை முட்டையில் நோய்க்கிருமி இருத்தல் கூடுமாகலின், கடையில் விற்கும் வெண்கருப் பொடியே தக்கது.

பிஸ்கோத்து முற்றும் ஆறியிருத்தல் இன்றியமையாதது. என் தங்கையின் பிறந்தநாளன்று யான் பொறுமையிழந்து, சூடாறுமுன்னரே அவள் பெயரைப் பொறித்தேன். எழுத்துகள் யாவும் இளகித் தட்டில் வழிந்தன. அவள் அழுதுகொண்டே அவற்றை விரலால் வழித்து உண்டாள்!

பூசியபின் ஈரம் ஆவியாய் நீங்க, கரைந்த சர்க்கரை மீண்டும் நுண்மணிகளாய் உறைந்து இறுகும். மழைக்காலத்துக் காற்று இதனைத் தாமதிக்கும். ஓரிரவு திறந்தே வைத்து, நன்கு காய்ந்தபின்னரே டப்பாவில் அடுக்குக.