‘இன்ஃபிளேமபிள்’ – எரியுமா, எரியாதா?

நமது சங்கரன்கோவில் வழியாக ராஜபாளையத்திற்கும் திருநெல்வேலிக்கும் செல்லும் எண்ணெய் டாங்கர் லாரிகளை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். அவற்றின் பின்புறத்தில் ‘ஹைலி இன்ஃபிளேமபிள்’ என்று பெரிய எழுத்துக்களில் எழுதியிருக்கும். ‘ஹைலி’ என்றால் ‘மிகவும்’ என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ‘இன்ஃபிளேமபிள்’ என்பதன் பொருள் என்ன? தீப்பற்றக் கூடியதா, தீப்பற்றாததா?

ஆங்கிலத்தை ஓரளவு கற்றவர்களே இக்கேள்வியில் அதிகமாகத் தடுமாறுகிறார்கள். காரணம் இருக்கிறது. ‘கரெக்ட்’ என்றால் சரி. ‘இன்கரெக்ட்’ என்றால் தவறு. ‘விசிபிள்’ என்றால் கண்ணுக்குத் தெரிவது. ‘இன்விசிபிள்’ என்றால் தெரியாதது. ‘கம்ப்ளீட்’ என்றால் முழுமையானது. ‘இன்கம்ப்ளீட்’ என்றால் முழுமை பெறாதது. அப்படியானால் ‘ஃபிளேம்’, அதாவது தீச்சுடர் என்ற சொல்லுக்கு முன்னால் ‘இன்’ சேர்ந்தால் ‘தீப்பிடிக்காதது’ என்றுதானே பொருள் வரவேண்டும்? அதுதான் இல்லை! ‘இன்ஃபிளேமபிள்’ என்றால் ‘எளிதில் தீப்பற்றக் கூடியது’ என்றே பொருள்.

சொல்லின் பிறப்பு

ஆங்கிலத்தில் வழங்கும் ‘இன்’ என்ற முன்னொட்டு ஒன்றல்ல, இரண்டு. இரண்டுமே லத்தீன் மொழியிலிருந்து வந்தவை. உருவத்தில் இரட்டைப் பிள்ளைகள், குணத்தில் வேறு வேறு. ஒன்று ‘இல்லை’ என்று மறுக்கும். மற்றொன்று ‘உள்ளே’ என்று பொருள் தரும். லத்தீனில் ‘ஃபிளம்மா’ என்றால் சுடர். ‘இன்ஃபிளம்மாரே’ என்றால் தீ மூட்டுதல். இதிலுள்ள ‘இன்’ இரண்டாவது வகையைச் சேர்ந்தது. இதிலிருந்து ‘இன்ஃபிளேம்’ என்ற வினைச்சொல்லும், ‘இன்ஃபிளேமபிள்’ என்ற பெயரடையும் ஆங்கிலத்திற்கு வந்தன.

இதை நினைவில் வைக்க ஓர் எளிய வழி உண்டு. கடைசியிலுள்ள ‘ஏபிள்’ என்பதை நீக்கிப் பாருங்கள். எஞ்சி நிற்பது ஒரு வினைச்சொல்லா? ‘இன்ஃபிளேம்’ என்பது வினைச்சொல். ஆகவே ‘மூட்டத் தக்கது’ என்று பொருள். ‘இன்ஹாபிட்’ என்றால் குடியிருத்தல்; ஆகவே ‘இன்ஹாபிட்டபிள்’ என்றால் குடியிருக்கத் தக்கது. ஆனால் ‘இன்கியூரபிள்’ என்பதில் ‘இன்கியூர்’ என்றொரு வினைச்சொல் கிடையாது. ஆகவே அங்கே ‘இன்’ மறுப்பைக் குறிக்கிறது. குணப்படுத்த முடியாதது என்று பொருள். எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். ‘இன்ஃபிளேம்’ என்பதில் ஒரு ‘எம்’. ‘இன்ஃபிளேமபிள்’ என்பதில் இரண்டு ‘எம்’.

எரிந்துகொண்டிருக்கும் பொருளைக் குறிக்க இச்சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. அதற்கு ‘பர்னிங்’ என்ற சொல் இருக்கிறது. ‘இன்ஃபிளேமபிள்’ என்பது பொருளின் தன்மையைச் சொல்கிறது. இன்னும் எரியாத பெட்ரோலுக்கும் அது பொருந்தும். இதன் எதிர்ச்சொல் ‘நான்-இன்ஃபிளேமபிள்’.

இச்சொல்லின் உறவினர்களும் நமக்குப் பழக்கமானவர்களே. உடலில் ஓரிடம் சிவந்து, வீங்கி, சூடேறுவதை மருத்துவர்கள் ‘இன்ஃபிளமேஷன்’ என்பார்கள். தமிழில் அதற்கு ‘அழற்சி’ என்று பெயர். ‘அழல்’ என்றால் நெருப்பு. தொலைவிலுள்ள இரு மொழிகள், ஒரே நோயை நெருப்பாகவே கண்டிருப்பது வியப்பல்லவா! மக்களின் கோபத்தைக் கிளறிவிடும் பேச்சை ‘இன்ஃபிளமேட்டரி’ என்பார்கள். எரிகிற கொள்ளியை ஏறத் தள்ளுவது என்று நம் பாட்டிமார் சொல்வதும் இதைத்தான்.

ஒரே பொருள், இரு சொற்கள்

சொல்லில் வரும் குழப்பம் தேர்வில் மதிப்பெண்ணைக் குறைக்கும். டாங்கர் லாரியின் மேல் வரும் குழப்பம் உயிரையே பறிக்கும். இதை உணர்ந்து, அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920-களில் ‘ஃபிளேமபிள்’ என்ற சொல்லையே பயன்படுத்துமாறு வற்புறுத்தியது. பிரிட்டிஷ் தர நிறுவனமும் 1959-இல் இதையே பரிந்துரைத்தது. இன்று ‘ஃபிளேமபிள்’, ‘இன்ஃபிளேமபிள்’ இரண்டுக்கும் பொருள் ஒன்றே. நம் நாட்டிலோ பழைய சொல்லும் வேரூன்றி நிற்கிறது. நமது அரசியலமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில், மத்தியப் பட்டியலின் 53-ஆம் இனத்திலும் ‘இன்ஃபிளேமபிள்’ என்றே எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே இரண்டையும் அறிந்திருப்பது அவசியம்.

எழுத்தறியாதவருக்கும் புரியவேண்டும் என்பதற்காகப் படங்களும் உண்டு. சாய்சதுரத்துக்குள் தீச்சுடர் வரைந்திருந்தால் அது எளிதில் தீப்பற்றும் பொருள். டாங்கரில் 1203 என்ற எண் இருந்தால் உள்ளே இருப்பது பெட்ரோல். இது ஐக்கிய நாடுகள் முறைப்படி உலகெங்கும் வழங்கும் எண்.

சொல் சொல்லும் பாடம்

பெட்ரோல் ஏன் இவ்வளவு ஆபத்தானது? உண்மையில் எரிவது திரவம் அன்று. அதிலிருந்து எழும் ஆவிதான். மண்ணெண்ணெய் 35 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடான பிறகே பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவியைத் தரும். பெட்ரோலோ பனி உறையும் குளிரிலும், பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 40 டிகிரியிலும்கூட அதைத் தரும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு தவழ்ந்து சென்று, தொலைவிலுள்ள நெருப்பைத் தேடிப் பிடிக்கும்.

பெஞ்சமின் லீ வோர்ஃப் என்ற அமெரிக்க மொழியியலறிஞர், தீக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பணிபுரிந்தவர். நிறைந்த பெட்ரோல் பீப்பாய்களின் அருகே கவனமாக இருக்கும் மக்கள், ‘காலி’ என்று எழுதிய பீப்பாய்களின் அருகே அஞ்சாமல் புகைபிடிப்பதை அவர் கண்டார். காலிப் பீப்பாயில்தான் ஆவி நிறைந்திருக்கும், ஆபத்தும் அதிகம். ‘காலி’ என்ற ஒரு சொல் மனிதரை ஏமாற்றிவிடுகிறது!

2017 ஜூன் 25 அன்று பாகிஸ்தானில் பகவல்பூர் அருகே ஒரு டாங்கர் லாரி கவிழ்ந்தது. ஒழுகிய பெட்ரோலைப் பிடிக்கக் குடங்களுடன் ஓடிய ஏழை மக்கள் தீயில் சிக்கி, 200-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வெடிமருந்துத் தொழில் நடக்கும் சிவகாசியும், தீப்பெட்டித் தொழில் நடக்கும் கோவில்பட்டியும் நமக்கு அண்டை ஊர்கள். அங்கு வேலைக்குச் செல்வோருக்கு இச்சொல் அன்றாட எச்சரிக்கை. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு விபத்தில் ஏறக்குறைய நாற்பது பேர் இறந்ததை நம் பெற்றோர் இன்னும் மறக்கவில்லை.

நம் வீட்டிலும் இச்சொல் இருக்கிறது. நகப்பூச்சை அகற்றும் திரவம், வாசனைத் தெளிப்பான், கைகளைச் சுத்தம் செய்யும் சாராயத் திரவம் ஆகியவற்றின் புட்டிகளைப் படித்துப் பாருங்கள். அவற்றை அடுப்பருகே வைக்கலாகாது. சமையல் எரிவாயுவும் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடுங்கள். கதவு, சன்னல்களைத் திறந்துவிடுங்கள். மின்விளக்கைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ஒரு சிறு பொறி போதும். வெளியே வந்தபின் 1906 என்ற எரிவாயு உதவி எண்ணை அழைக்கலாம். தீப்பிடித்தால் 101 அல்லது 112.

தங்கையரே, இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும், ஆங்கிலம் படிக்காத தாய்க்கும் பாட்டிக்கும் இந்த ஒரு சொல்லைக் கற்றுக்கொடுங்கள். ‘இன்ஃபிளேமபிள்’ என்றால் எரியும்! ஒரு சொல்லைச் சரியாக அறிந்துகொண்டால் ஒரு குடும்பமே காக்கப்படலாம். கற்ற கல்விக்கு இதைவிடச் சிறந்த பயன் வேறென்ன?