அதே ஆட்கள், வேறு ஆலை

சம்பளத்துக்கு மேல் ஒரு துரும்பைக்கூட எடுத்துப்போட மாட்டார்கள் என்று தொழிலாளர்களைக் குறைசொல்லும் நிர்வாகிகள் கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் ஆலையின் கதையைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜெனரல் மோட்டார்ஸின் கார் ஆலை அது. ஷிப்ட் நேரத்திலேயே குடி. நூற்றுக்கு இருபது பேர் வேலைக்கு வருவதில்லை. நிர்வாகத்தின் மேல் இருந்த கோபத்தில், ஓடும்போது கடகடக்கட்டும் என்று கார் கதவுக்குள் காலி பாட்டிலைப் போட்டு மூடியவர்களும் உண்டு. என்ன கோளாறானாலும் உற்பத்தி லைன் நிற்கக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. பிசகு கண்ணுக்குத் தெரிந்தாலும் கார் அப்படியே நகர்ந்து போகும். 1982-இல் ஆலையை இழுத்து மூடினார்கள்.

1984-இல் டொயோட்டா, ஜெனரல் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து, 'நம்மி' என்ற பெயரில் அதைத் திறந்தது. எடுத்த ஆட்களில் பெரும்பாலோர் பழையவர்கள்தான், யூனியனும் அதேதான். ஆனால் வேலைக்கு மட்டம் போடுவது அடியோடு குறைந்தது. காரின் தரமோ டொயோட்டா ஜப்பானில் செய்தவற்றுக்கு ஈடாக நின்றது. கேட்காமலே யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள், பாட்டிலைப் போட்டு மூடிய அதே ஆலைக்காரர்கள்!

லைன் நெடுக ஒரு கயிறு தொங்கியது. நட்டு சரியாக உட்காரவில்லையா, இழுக்கலாம். ஒரு மெட்டு ஒலிக்கும், விளக்கு எரியும், குழுத் தலைவர் ஓடி வருவார். திட்டுவதற்கல்ல, கூட நின்று சரிசெய்வதற்கு. முடியாவிட்டால் லைனே நிற்கும். தான் கண்ட குறையைச் சரிசெய்ய ஆள் வருவார் என்று தெரிந்த பிறகுதான் மனிதன் அடுத்த குறையையும் தேடிப் பார்க்கிறான். சில ஆண்டுகளில் விற்பனை படுத்தபோதும் யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. பயிற்சி கொடுத்து வைத்துக்கொண்டார்கள். நாளைக்கு வேலை இருக்குமா என்ற பயத்தில் இருப்பவரிடம் யோசனை கேட்பது வீண்.

ஓவர்டைம் காசு தராமல் ராத்திரி வரை உட்காரவைத்து, அதற்கு அர்ப்பணிப்பு என்று பெயர் சூட்டுவதைத் தானாகப் பிறக்கும் இந்த ஈடுபாட்டோடு சேர்க்கவே கூடாது. அது சுரண்டல்.

ஜெனரல் மோட்டார்ஸ் நம்மியின் முறையைத் தன் வான் நைஸ் ஆலைக்கும் கொண்டுபோனது. ஆனால் அங்கே மேலாளர்களின் போனஸ், வெளியே போகும் கார்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. லைன் நின்றால் அவர்கள் கைக்காசு குறையும். நிறுத்த விடுவார்களா? 1992-இல் அந்த ஆலை மூடப்பட்டது.