கூரைமேல் சாய்ந்த கிளையைப் பத்திரமாக இறக்குவது எப்படி?

கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் முதல் தேதியை ஒட்டித் தொடங்கும். அதற்கு முந்தைய வாரங்களில் கொச்சியின் மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சிப் பகுதிகளில் மரம் வெட்டும் ஆட்களுக்குக் கடும் கிராக்கி. ஒரு வீட்டில் மாங்கிளை ஓட்டுக்கூரையை உரசுகிறது. இன்னொரு வீட்டில் பலா மின்கம்பியை எட்டிவிட்டது. தெருவோரத்தில் தூங்குமூஞ்சி மரத்தின் கொப்பு ஒன்று பட்டுப்போய்த் தொங்குகிறது. மலையாளிகள் மழைமரம் என்று அழைக்கும் இந்தத் தூங்குமூஞ்சி, அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது. ஃபோர்ட் கொச்சிக்கு நிழல் தருவது பெரும்பாலும் இதுதான். அங்குள்ள ‘வெளி’ என்னும் மைதானத்து மரத்தை ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் விளக்குகளால் அலங்கரிக்கிறார்கள். அதைப் பார்க்கவே ஊர் திரண்டு வருகிறது.

இப்படிப்பட்ட மரங்களும் வேண்டும், அவற்றின் கீழே நடப்பவர்களின் உயிரும் வேண்டும். இரண்டையும் காப்பாற்றுவது முறையான மரப்பணி. அறுப்பதற்குச் சில நிமிடம் போதும். அறுத்த எடையை யார் தலையிலும் எந்த ஓட்டிலும் விழாமல் தரைக்குக் கொண்டுவருவதுதான் உண்மையான வேலை.

எடையை முதலில் கணக்கிடுங்கள்

பச்சை மரத்தின் எடை ஏறத்தாழ அதே அளவு தண்ணீரின் எடைக்குப் பக்கத்தில் வரும். 30 செ.மீ. விட்டமும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள துண்டு சுமார் 70 கிலோ. விட்டம் 60 செ.மீ. ஆனால் எடை நான்கு மடங்காகி 280 கிலோவைத் தொடும். கண்ணுக்கு இரட்டிப்பாகத் தெரிவது கயிற்றுக்கு நான்கு மடங்கு. அதனால்தான் தேர்ந்தவர்கள் பெரிய கொப்பை ஒரே அறுப்பில் தள்ளமாட்டார்கள். நுனியிலிருந்து தொடங்கி, சிறு சிறு துண்டுகளாகக் குறைத்துக்கொண்டே வருவார்கள்.

கயிறும் கப்பியும்

திறந்தவெளியில் துண்டுகளை அப்படியே கீழே போடலாம். மட்டாஞ்சேரிச் சந்துகளில் அதற்கு இடமில்லை. அங்கே கிளையைக் கட்டி, மரத்தின் உறுதியான கவையில் மாட்டிய கப்பி வழியாகக் கயிற்றை ஓட்டி, கீழே நிற்பவர் மெல்ல விட்டு இறக்க வேண்டும். இதில் பலரும் கவனிக்காத கணக்கு ஒன்று உண்டு. ஒரு பக்கம் கிளையின் எடை இழுக்கிறது, மறுபக்கம் கயிற்றைப் பிடித்திருக்கும் விசை இழுக்கிறது. ஆகவே கப்பி மாட்டிய கவைமேல் விழும் சுமை, கிளையின் எடையைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. விழும் துண்டைத் திடீரென்று நிறுத்தினால் அந்தச் சுமை இன்னும் பல மடங்காகும். எனவே கயிற்றை அடிமரத்தில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றியோ, அதற்கென உள்ள உலோக உருளையில் சுற்றியோ, உராய்வின் துணையோடு கொஞ்சம் ஓடவிட்டு நிதானமாக நிறுத்துவார்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு பிடிப்பது விரலையும் தோளையும் பறிகொடுக்கும் வழி.

கப்பி மாட்டும் கவை அழுகியிருக்கக் கூடாது. வயதான தூங்குமூஞ்சியின் கொப்புகளில் பெரணிகளும் பிற தொற்றுச் செடிகளும் அடர்ந்து வளரும். பொந்தும் அழுகலும் அவற்றுக்கடியில் மறைந்திருக்கலாம். தட்டிப் பார்த்து, செடிகளை விலக்கிப் பார்த்த பிறகே அதை நம்ப வேண்டும்.

கடையில் கிடைக்கும் நீல, பச்சை பிளாஸ்டிக் கயிறு உராய்வின் சூட்டில் உருகிவிடும். தேங்காய் நார்க் கயிறு எவ்வளவு தாங்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. தாங்கும் எடை குறிக்கப்பட்ட நைலான் அல்லது பாலியெஸ்டர் கயிறுதான் இந்த வேலைக்கு ஏற்றது. முடிச்சு விழும் இடத்தில் கயிற்றின் வலு கணிசமாகக் குறையும் என்பதால், தூக்கும் எடையைப்போல் பல மடங்கு தாங்கும் கயிறாக அது இருக்க வேண்டும்.

கயிற்று வேலை கேரளத்துக்குப் புதிதல்ல. பேப்பூரின் மாப்பிள்ளைக் கலாசிகள் வடம், கப்பி, உருளைகளைக் கொண்டே உரு என்னும் பெரிய மரக்கப்பல்களை நீரில் இறக்கியவர்கள். 1988 ஜூலை 8 அன்று பெருமண் பாலத்தில் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் ரயில் அஷ்டமுடிக் காயலில் விழுந்தபோது, பெட்டிகளை மீட்கவும் அவர்கள் அழைக்கப்பட்டார்கள். அவர்கள் வேலையில் ஒருவர் குரல் கொடுப்பார், மற்றவர்கள் அதற்கேற்ப இழுப்பார்கள். மரப்பணிக்கும் அதுவே விதி: கட்டளை ஒரே வாயிலிருந்து வரவேண்டும்.

மேலே ஏறுபவருக்கு

தலைக்கு நாடாவோடு கூடிய ஹெல்மெட், கண்ணாடி, காதடைப்பு, உடலைத் தாங்கும் ஹார்னெஸ் வேண்டும். ரம்பத்தை இயக்கும்போது அவர் இரண்டு பிடிப்புகளில் இருக்க வேண்டும். ஒன்று அறுந்தாலும் மற்றது தாங்கும். செயின்சாவில் சங்கிலி ஓடும் பட்டையின் நுனியில், மேல்பகுதி எதிலாவது இடித்தால், அது கண்ணிமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கித் துள்ளும். எனவே இரு கைகளாலும் பிடிக்க வேண்டும், தோளுக்கு மேல் தூக்கக் கூடாது, செயின் பிரேக் வேலை செய்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும்.

மயங்கிய நிலையில் ஹார்னெஸில் தொங்குபவரைச் சில நிமிடங்களில் இறக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே ஏறத் தெரிந்த இரண்டாவது ஆளும், அவருக்கான கயிறும் தரையில் தயாராக இருக்க வேண்டும். ஒருவரை மட்டும் வைத்துச் செய்யும் வேலையல்ல இது.

தரையில் இருப்பவருக்கு

ரம்பம் ஓடும்போது, துண்டு விழும் வட்டத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது. முழு மரத்தையும் சாய்ப்பதானால் மரத்தின் உயரத்தைப்போல் இரு மடங்கு தூரம் காலியாக இருக்க வேண்டும். சுற்றுலாப் பயணிகளும் ஆட்டோக்களும் ஓயாத தெருவில் இரு முனைகளிலும் கயிறு கட்டி, ஆள் நிறுத்த வேண்டும்.

மின்கம்பி பக்கத்தில் இருந்தால், மின்வாரியப் பிரிவு அலுவலகம் மின்சாரத்தை நிறுத்தியதாக உறுதி சொன்ன பிறகே ஏற வேண்டும். 1912 என்ற எண்ணிலும் மின்வாரியத்தைத் தொடர்புகொள்ளலாம். அலுமினிய ஏணியும் இரும்புத் தொரட்டியும் கம்பிக்கு அருகே வரவே கூடாது. காற்றோ மழையோ வந்தால் வேலையை நிறுத்திவிட வேண்டும்.

எங்கே அறுப்பது?

முதலில் கிளையின் அடிப்பக்கம் சிறிது அறுக்க வேண்டும். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால், பட்டை கிழியாமல் கிளை விழும். மிஞ்சிய கட்டையை, கிளை பிறக்கும் இடத்தில் புடைத்திருக்கும் கழுத்துக்கு வெளியே மூன்றாவதாக அறுக்க வேண்டும். மரம் காயத்தை நம் தோலைப்போல் ஆற்றிக்கொள்வதில்லை. கெட்ட பகுதியைச் சுவர் கட்டி ஒதுக்குகிறது என்று அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ விளக்கினார். அந்தச் சுவரெழுப்பும் ஆற்றல் அந்தக் கழுத்தில் வலுவாக இருக்கிறது. தார் பூசுவதால் பயனில்லை. உச்சியை மொட்டையடித்தால் பிடிப்பில்லாத புதுக்கிளைகள் கூட்டமாக முளைத்து, சில ஆண்டுகளில் பழைய ஆபத்தே பெருகித் திரும்பும்.

கூலி பேசுவதற்கு முன்

பொது இடத்து மரமானால் மாநகராட்சியின் அனுமதி வேண்டும். சொந்த வளாகத்திலும் சில இனங்களை வெட்டக் கட்டுப்பாடு உண்டு. இது பற்றிய விதிகளோடு, காடல்லாத பகுதிகளில் மரம் வளர்ப்புக்கான கேரளச் சட்டம் 2005இல் வந்தது. எனவே முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு வருபவரிடம் கேளுங்கள்: எத்தனை பேர் வருகிறீர்கள்? எந்தக் கயிறு? எங்கே கப்பி மாட்டுவீர்கள்? கீழே வழியை யார் மறிப்பார்? ஒருவருக்கு அடிபட்டால் யார் இறக்குவார்? காப்பீடு உண்டா?

கொச்சியில் தலைமையகம் கொண்ட தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் ‘தென்னை மரத்தின் நண்பர்கள்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, இளைஞர்களுக்கு இயந்திரத்தால் தென்னை ஏறப் பயிற்சி தந்தது, காப்பீட்டுக்கும் வழி செய்தது. மரம் ஏறுவது திறனும் மதிப்பும் உள்ள தொழில் என்பதை அத்திட்டம் நிலைநாட்டியது. செயின்சாவோடு பெருமரம் ஏறுபவருக்கும் அதே மதிப்பு கிடைக்க வேண்டும். வீட்டுக்காரர் மிகக் குறைந்த கூலியைத் தேடும்போது முதலில் விடுபடுவது இரண்டாவது கயிறும் இரண்டாவது ஆளும்தான். அவற்றுக்கும் சேர்த்துப் பணம் கொடுங்கள். அது மரம் ஏறுபவரின் உயிருக்கான விலை.