கரி இல்லாமல் தேய்க்கலாம் துணி! உலகத் தலைவர்கள் முன் பேசிய திருவண்ணாமலை மாணவி

திருவண்ணாமலை:
தெருமுனையில் இஸ்திரி வண்டி இல்லாத ஊர் நம்ம பக்கம் உண்டா? அந்தப் பெட்டியில் கனலும் கரியை நாம யாரும் பெரிசா கண்டுக்கிறதில்லை. ஆனால் திருவண்ணாமலையில் ஒரு பள்ளி மாணவி கண்டுகொண்டார். அவர் பெயர் வினிஷா உமாசங்கர்.

அப்போது அவருக்கு வயது 12. தேய்க்கிறவர் ஒருவர், எரிந்து தீர்ந்த கரியை ரோட்டோரம் கொட்டியதை பார்த்தார். 'தினமும் இவ்வளவு கரி எரிஞ்சா என்ன ஆகும்?' என்ற யோசனையில் பிறந்ததுதான் சோலார் இஸ்திரி வண்டி.

கரியால் என்ன கெடுதல்?

கரிக்கு மரத்தை வெட்ட வேண்டும். அது எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவும், கண்ணுக்குத் தெரியாத தூசியும் கிளம்பும். துணி கொடுத்துட்டு வர்ற நமக்கு ரெண்டு நிமிஷம்தான். காலையில் இருந்து சாயங்காலம் வரை அதை சுவாசிப்பவர் வண்டிக்காரர். ஒரு வண்டிக்கு ஒரு நாளைக்கு சுமார் 5 கிலோ கரி எரிகிறது என்பது வினிஷா சொன்ன கணக்கு.

வண்டி எப்படி வேலை செய்கிறது?

கூரையில் சோலார் பேனல். வெயில் பட்டதும் மின்சாரம் உண்டாகி பேட்டரியில் சேரும். அந்த கரண்டில் பெட்டி சூடாகும். 5 மணி நேரம் சார்ஜ் ஏறினால் 6 மணி நேரம் தேய்க்கலாம். மழை நாளில் வீட்டு கரண்டிலேயே பேட்டரியை சார்ஜ் போட்டுக்கலாம். செல்போன் சார்ஜ் போட்டுக் கொடுத்து நாலு காசு கூடுதலாக பார்க்கவும் வழி இருக்கிறது.

கிளாஸ்கோ மேடையில்...

2020-ல் சுவீடன் நாட்டின் குழந்தைகள் பருவநிலை விருது வினிஷாவுக்கு கிடைத்தது. 2021-ல் இங்கிலாந்து இளவரசர் வில்லியம் தொடங்கிய எர்த்ஷாட் பரிசின் இறுதிச்சுற்று 15 பேரில் இவரும் ஒருவர். இவர் இருந்த பிரிவின் பரிசு டெல்லியைச் சேர்ந்த இன்னொரு முயற்சிக்கு போனது. ஆனாலும் அதே ஆண்டு நவம்பர் 2-ந்தேதி கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பேசும் வாய்ப்பு இவரைத் தேடி வந்தது. அப்போது 10-ம் வகுப்பு. பிரதமர் மோடியும் இருந்த அரங்கில், வெற்று வாக்குறுதி தரும் தலைவர்கள் மீது எங்கள் தலைமுறைக்கு கோபம் இருக்கிறது, ஆனால் கோபப்பட நேரமில்லை, செயலில் இறங்கப் போகிறேன் என்ற பொருளில் பேசினார்.

சிக்கல் எங்கே?

கரியை அன்னன்னைக்கு கிடைக்கும் காசில் வாங்கிக்கலாம். பேனல், பேட்டரிக்கு ஒரே தடவையில் பெரிய தொகை வேண்டும். தினக்கூலி போல பிழைக்கும் வண்டிக்காரருக்கு அது எட்டாத தூரம். பேட்டரிக்கு வயசானால் மாற்றவும் வேண்டும். குறைந்த வட்டி கடனும் மானியமும் கிடைத்தால்தான் மாணவியின் யோசனை தெருமுனைக்கு வந்து சேரும். வெயிலுக்கு நம்ம ஊரில் என்றைக்கும் பஞ்சமில்லை!