பயிரின் மூச்சும் நீர்ச்செலவும்

கண்மாயில் பாதித் தண்ணீரே நிற்கும் வருஷத்தில் நெல் நடுவதா, சோளம் விதைப்பதா என்னும் கேள்வி குடியானவர்களுக்குப் புதிதன்று. பெரும்பாலோர் முன் அநுபவத்தைக் கொண்டே அதற்கு விடை கண்டு வருகிறார்கள். அவ்விடைக்குரிய காரணமோ இலையின்மீதுள்ள, வெறுங்கண்ணுக்குப் புலப்படாத சிறு துவாரங்களில் அடங்கியிருக்கிறது.

உலர்ந்த வைக்கோலின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு கரியாகும். இக்கரியைப் பயிர் எருவிலிருந்து பெறுவதில்லை; காற்றிலுள்ள கரியமிலவாயுவினின்றும் பெறுகிறது. பதினேழாம் நூற்றாண்டில் வான் ஹெல்மாண்ட் என்னும் பண்டிதர், நிறுத்துவைத்த மண்ணில் ஒரு வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்து வருஷம் நீர் மட்டும் வார்த்து வளர்த்தார். மரம் 160 ராத்தலுக்கு மேல் எடை கூடிற்று. மண் குறைந்தது சுமார் 2 அவுன்ஸ்தான். ஆகவே மரம் முழுவதும் தண்ணீராலேயே ஆயிற்று என்று அவர் முடிவு செய்தார். வாயுவைக் குறிக்கும் 'காஸ்' என்னும் சொல்லை உண்டாக்கியவரே காற்றைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது வேடிக்கைதான்.

காற்றில் இக்காலத்தில் பதினாயிரம் பங்குக்கு நான்கு பங்குக்குச் சற்று அதிகமாகவே கரியமிலவாயு இருக்கிறது. இச்சொற்ப அளவைச் சேகரிக்க இலை தன் துவாரங்களைத் திறந்து வைக்கவேண்டும். இலையின் உட்புறமோ எப்பொழுதும் ஈரமானது. ஆதலால் கதவு திறந்தவுடன் கரியமிலவாயு சிறிதாக உள்ளே நுழைய, நீராவி பெருமளவில் வெளியேறுகிறது. வேர் உறிஞ்சும் நீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் இவ்வழியே ஆகாயத்திற் கலந்துவிடுகிறது. துவாரத்தின் இரு பக்கமும் உதடுகள்போல் அமைந்த காவல் அறைகள், நீர் குன்றும்போது தளர்ந்து வாயை மூடிக்கொள்கின்றன. நடுப்பகலில் இலை சுருண்டு நிற்கும் பயிர் நீரை மிச்சப்படுத்துகிறது என்பது மெய்யே. ஆனால் அந்நேரத்தில் அது வளர்வதும் அநேகமாக நின்றுவிடுகிறது.

பயிர் கொடுக்கும் இவ்விலை எல்லாப் பயிருக்கும் ஒன்றன்று. அமெரிக்காவில் கொலராடோ மாகாணத்து அக்ரனில் பிரிக்ஸ், ஷான்ட்ஸ் என்னும் இருவர் 1911-ம் ஆண்டு முதல் மூடிய தொட்டிகளில் பயிர் வளர்த்து இதை நிறுத்துப் பார்த்தார்கள். ஒரு ராத்தல் உலர்ந்த பயிர் விளையச் சோளமும் சிறுதானியங்களும் சுமார் 300 ராத்தல் நீரையும், கோதுமை சுமார் 500-ஐயும், நெல் ஏறக்குறைய 700-ஐயும், குதிரைமசால் 800-க்கு மேலும் செலவிட்டன. வறண்ட காற்றில் இவ்வெண்கள் ஏறும், ஈரக்காற்றில் இறங்கும். ஆயினும் சோளத்துக்கும் நெல்லுக்கும் உள்ள பேதம் மாறுவதில்லை.

இப்பேதத்தின் காரணம் நெடுநாள் விளங்கவில்லை. 1966-ல் ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், ஸ்லாக் என்னும் ஆராய்ச்சியாளர் கரும்பின் இலையில் அதைத் தெளிவாக்கினார்கள். நெல்லின் இலையில் கரியமிலவாயுவைப் பிடிக்கும் பொருள் அடிக்கடி தவறிப் பிராணவாயுவையும் பிடித்து, சேர்த்த கரியில் ஒரு பகுதியை இழக்கிறது. வெப்பம் ஏற ஏற இந்நஷ்டமும் ஏறுகிறது. கரும்பு, சோளம், கம்பு, கேழ்வரகு ஆகியவற்றிலோ அவ்வாறு தவறாத வேறொரு பொருள் முதலில் வாயுவைப் பிடித்து, நரம்பைச் சுற்றியுள்ள அறைகளுக்குள் செறிவாகச் செலுத்துகிறது. ஆகவே துவாரம் சிறிதளவே திறந்திருந்தாலும் போதும். கோரையும் அறுகும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. கோடையில் அவை பயிரை முந்துவதைக் கண்டு சலித்துக்கொள்ளாத குடியானவர் உண்டோ!

இலை வழியே சென்ற நீருக்குக் கரியாவது கைம்மாறாகக் கிடைக்கிறது. வெறுமண்ணிலிருந்தும் வயலில் தேங்கிய நீர்ப்பரப்பிலிருந்தும் ஆவியாகும் நீருக்கு யாதொரு பிரதிபலனும் இல்லை. நட்ட புதிதில், இலை வயலை மூடுமுன், இவ்வீண்செலவே மிகுதி. புன்செயில் சருகு மூடாக்கும் களையெடுப்பும் இதைக் குறைக்கும்.

நன்செயில் இதற்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் என்னும் முறை உண்டு. தேங்கிய நீரின் கீழ் மூச்சற்ற சேற்றில் மட்கும் பொருளின் கரி, மீதேன் வாயுவாக வெளியேறுகிறது. இடையிடையே வயலைக் காயவிட்டால் மண்ணில் காற்றுப் புகுந்து அதுவும் குறையும். நாற்று வேரூன்றியபின் துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் புதைத்து, அதனுள் நீர்மட்டம் தரைக்குக் கீழ் 15 சென்டிமீட்டர் இறங்கியதும் மறுபடி பாய்ச்சலாம். பூக்கும் தருணத்துக்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் மட்டும் இவ்விதம் காயவிடலாகாது. அப்போது நீர் குன்றினால் துவாரங்கள் மூடிக்கொள்வதோடு பூவும் கருவுறாமல் கதிர் பதராய்விடும். கண்மாயில் பாதி நீரோடு நெல் நடத் துணிந்தவர், அவ்விரண்டு வாரத்துக்குரிய தண்ணீரை முதலிலேயே ஒதுக்கி வைத்துக்கொண்டு, மிச்சத்தைக் கொண்டு எத்தனை ஏக்கர் நடலாம் என்று கணக்கிட வேண்டும்.